மூடியைத் திறந்தபோது சோறு இளஞ்சூடாக இருந்தது: வாகரைப் பக்க முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிற்பகல் 2.40க்கு முதல் பிள்ளை சத்தி எடுத்தாள். கண்டல் காட்டோரம் நடந்து வந்த களைப்பு, உச்சி வெயில், போதாததற்குக் கச்சான் காற்று. நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிழலில் இருத்தி, முகம் கழுவி, கொஞ்சம் தண்ணீர் கொடுத்தோம். மூன்று மணிக்குள் இன்னும் நான்கு பேர். மூன்றரைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு வாகனம் தேடத் தொடங்கினோம்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு பாடசாலையில் நடந்த மூன்று நாள் இளைஞர் முகாம் இது. ஓகஸ்ட் விடுமுறைக் காலம். பாடசாலையின் பெயரும் ஏற்பாட்டாளரின் பெயரும் இங்கே வேண்டாம். உணவுப் பொறுப்பு என்னுடையது, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று மாலை எல்லோரும் தேடியது சமைத்த அக்காமாரின் கையில் இருந்த அழுக்கை. அவர்கள் கையில் அழுக்கு இருக்கவில்லை. தலைக்குத் துணி கட்டி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, என் வீட்டுக் குசினியைவிடச் சுத்தமாக அந்தக் குசினியை வைத்திருந்தார்கள். பிழை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் எடுத்தது.

யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை

முகாமில் மாணவர் 58 பேர், பெரியவர்கள் 9 பேர். சமைக்க ஊரிலிருந்து நான்கு அக்காமார். இரண்டாம் நாள் வெளிக்கள நடை. மாணவர் 52 பேரும் பெரியவர்கள் 6 பேருமாக 58 பேர் நடைக்குப் போனார்கள். ஒன்பது பேர் முகாமில் நின்றார்கள், அன்று குசினிக்கும் வளவுக்கும் பொறுப்பான அணியும் அவர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பெரியவர்களும்.

நடைக்குப் போனவர்களுக்குக் காலையில் பாணும் வாழைப்பழமும். மத்தியானத்துக்குச் சோத்துப் பார்சல்: சோறு, கோழிக்கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல். மரக்கறிக்காரர் எட்டுப் பேருக்குக் கோழிக்குப் பதிலாகச் சோயா. லஞ்ச் சீட்டில் வைத்து, மேலே பழைய பேப்பர் சுற்றி, இரண்டு ரெஜிபோம் பெட்டிகளில் அடுக்கினோம். முதல் பெட்டியில் 28, இரண்டாவதில் 30. காலை ஆறரைக்குப் பெட்டிகள் வானில் ஏறின. சாப்பிட்டது 1.15க்கு.

மூன்று பேர் பார்சலைத் திறக்கவே இல்லை. ஒருத்திக்கு வயிற்றுவலி, பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற இருவரும் காலையிலிருந்து கொறித்த கச்சானிலேயே வயிறு நிறைந்தவர்கள். (காற்றுக்கும் கச்சான், நிலக்கடலைக்கும் கச்சான் என்று வெளியூர்ப் பிள்ளை ஒருவன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான். மாலையில் அவனும் சத்தி எடுத்தான்.) ஆக, பார்சல் சாப்பிட்டவர்கள் 55 பேர். சத்தி எடுத்தவர்கள் 24 பேர். கடைசி ஆள் எடுத்தது மாலை ஆறு மணியளவில். சிலருக்குப் பிறகு வயிற்றோட்டமும் வந்தது, காய்ச்சல் யாருக்கும் இல்லை.

1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. அதற்குள் இரண்டு ஆட்டோவும் ஊர்க்காரர் ஒருவரின் வானும் வந்து சேர்ந்தன. ஐந்து பேரை வைத்தியசாலைக்கு ஏற்றினோம், மூவருக்குச் சேலைன் ஏற்றினார்கள். மிச்சப் பேருக்கு ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற கணக்கைக்கூட அந்தப் பதற்றத்தில் ஒருவர் பிழைவிட்டு, அரைப் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டிவிட்டார். செறிவு கூடினால் அது மருந்தாக இராது, ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தோம். சத்தி எடுத்த உடனே மடக் மடக்கென்று குடிக்கக் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் விட்டு, மூடி மூடியாகக் கொடுத்தபோது நின்றது. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல்

செய்தி ஊருக்குப் போக அரை மணி எடுக்கவில்லை. பெற்றோரின் அழைப்பு வரத் தொடங்கியது. பத்தில் எட்டுப் பேர் சொன்னது ஒரே வசனம்: “தண்ணி மாறினதாலதான்.” நாங்களும் அதையே நம்பினோம். மணல் பாங்கான கரை, ஆழமில்லாத கிணறு, 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்த பகுதி. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியதும், அவசரப்பட்டு இறைத்த இடங்களில் கீழேயிருந்த உப்பு நீர் இன்னும் மேலே வந்ததும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கிணறு என்றாலே ஒரு பயம் இருக்கிறது. குழாய் நீர் அந்தப் பாடசாலைக்கு வந்திருக்கவில்லை.

மாலை ஐந்தரைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையில் ஒரு மருத்துவர் சந்தேகித்தாலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகவேண்டும். அன்று படிவம் போக முன்னரே தொலைபேசி போயிருந்தது. வந்தவர் கிணற்றைப் பார்க்க முதல் கேட்ட கேள்வி இது: “ஒரு பார்சலாவது மிச்சம் இருக்கா தம்பி?”

இருக்கவில்லை. போன இடத்தை வந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வரவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காலையில்தான் படிப்பித்திருந்தோம். அவர்களும் சொன்னதைச் செய்திருந்தார்கள். மிச்சச் சோறு காகத்துக்கும் நாய்க்கும், திறக்காத மூன்று பார்சலும் அதோடு சேர்த்து. லஞ்ச் சீட்டெல்லாம் ஒரு பையில் கட்டிக் குப்பைக்குப் போய்விட்டது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது, எடுக்கத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே இந்த ஆய்வில் கடைசிவரை ஆய்வுகூட முடிவு என்று ஒன்று சோற்றுக்குக் கிடையாது. கீழே நான் சொல்வது நேரத்தையும் ஆட்களையும் வைத்துப் போட்ட கணக்கு.

அவர் அந்தக் கணக்கைப் போட்ட விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குசினி வாசலில் ஒரு வாங்கில் இருந்துகொண்டு, என் வரவுப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்தார். முகாமில் நின்ற ஒன்பது பேரும் நான்கு அக்காமாரும் குடித்தது அதே தண்ணீர். பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நடைக்குப் போய்ப் பார்சல் சாப்பிடாத மூன்று பேரும் அதே தாங்கியில் நிரப்பிய போத்தலைத்தான் குடித்தார்கள், அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. சத்தி தொடங்கியது சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலத்தில். தண்ணீரால் வரும் நோய்கள் பெரும்பாலும் இவ்வளவு அவசரப்படாது. தைபொயிட்டுக்கு ஒரு கிழமைக்குமேல், செங்கண்மாரியில் ஏ வகைக்கு 15 நாளிலிருந்து 50 நாள். “தண்ணி குற்றவாளியா இல்லையா எண்டு பிறகு பாப்பம். இண்டைய சத்திக்கு அது காரணமில்ல,” என்றார்.

அப்புறம் கோழி. எல்லோருக்கும் இரண்டாவது சந்தேகம் அதன்மேல். ஆனால் சோயா சாப்பிட்ட எட்டு மரக்கறிக்காரரில் ஆறு பேர் சத்தி எடுத்திருந்தார்கள். கோழியும் கழன்றது.

பெட்டி

துப்பு ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. “எங்கட அணியிலதான் எல்லாருக்கும், மீன்கொத்தியில ஒருத்தருக்கும் இல்ல.” நாங்கள் அணிகளுக்குக் களப்புப் பறவைகளின் பெயர் வைத்திருந்தோம். கொக்கு, நாரை அணிகள் முதல் பெட்டியிலிருந்து எடுத்தார்கள், மரக்கறிப் பார்சல்களும் நூல் கட்டி அதே பெட்டியில் மேலே வைக்கப்பட்டிருந்தன. மற்ற அணிகள் இரண்டாவது பெட்டி. எண்ணிப் பார்த்தால் முதல் பெட்டியில் சாப்பிட்ட 28 பேரில் 22 பேர். இரண்டாவதில் சாப்பிட்ட 27 பேரில் இரண்டே பேர்.

கறி ஒன்று, பருப்பு ஒன்று, சம்பல் ஒன்று. எல்லாம் ஒரே சட்டியிலிருந்து இரண்டு பெட்டிக்கும் போனவை. இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் எங்கே?

மூத்த அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தா. யாரும் கேட்கிற மாதிரிக் கேட்கவும் இல்லை, எல்லோரும் குற்றம் சாட்டுகிற மாதிரித்தான் கேட்டார்கள். நான்கைந்து நாள் கழித்து நான் அவ வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் கதை வந்தது.

எங்களிடம் இருந்தது ஒரு அடுப்பு, ஒரு பெரிய கிடாரம், ஒரு சின்னக் கிடாரம். இவ்வளவு பேருக்கு ஒரே தடவையில் சோறு வடிக்க முடியாது. நான் சொன்ன நேரமோ ஆறு மணிக்குப் பார்சல் தயாராக இருக்கவேண்டும் என்று. பார்சல் கட்டவே ஒன்றரை மணித்தியாலம் போகும். அவ கணக்குப் பார்த்து, முதல் கிடாரத்தை முதல்நாள் இரவு பத்தரைக்கே இறக்கி வைத்துவிட்டா. இரண்டாவது சோறும் கறிகளும் விடியற்காலை மூன்று மணிக்குமேல். நாலரைக்குப் பார்சல் கட்டத் தொடங்கியபோது முதலில் திறந்தது இரவுக் கிடாரம். முதல் பெட்டி முழுவதும் அந்தச் சோறு. அடியில் மிஞ்சிய கொஞ்சம் இரண்டாவது பெட்டியின் முதல் சில பார்சலுக்குள் போயிருக்கிறது. காலை ஏழு மணிக்கு அக்காமாரும் முகாமில் நின்றவர்களும் சாப்பிட்டது விடியற்காலைச் சோறு.

“பழுதாப் போயிருந்தா நான் போடுவனா தம்பி? சாக்குப் போட்டு மூடித் தணலுக்கு மேலதான் வெச்சன். விடிய மூடியத் திறக்கேக்க இளஞ்சூடாத்தான் இருந்திச்சி. மணம்கூட மாறல்ல.”

எனக்கு அந்த வசனம்தான் இந்த ஆய்வின் நடு. சூடு இருந்தது, மணம் மாறவில்லை, ஆகவே நல்ல சோறு. எங்கள் அம்மாமார் எல்லோரும் சோற்றை இப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் இந்தக் கிருமி அந்த இரண்டு சோதனைகளிலும் தப்பிவிடும்.

அடைகாத்த சோறு

பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா மண்ணில் இருப்பது, நெல்லோடு வருவது. அரிசியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதன் வித்தி, விதை போல உறங்கிக் கிடக்கும் வடிவம், சாகாது. கொதி அடங்கி, சோறு ஆறிக்கொண்டு வரும்போது அந்த வித்தி முளைக்கிறது. ஈரம் இருக்கிறது, மாச்சத்து இருக்கிறது, போட்டிக்கு வேறு கிருமி இல்லை, எல்லாம் கொதியில் செத்துவிட்டன. வளர்ந்து பெருகும்போது சோற்றுக்குள்ளேயே ஒரு நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி, ஒரு நாளுக்குள் சுகம். எங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

நேர்மையாகச் சொன்னால் இன்னொரு கிருமியும் இந்த நேரத்துக்குள் பொருந்தும். கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ், கையால் பிசைந்த சம்பலில் இருந்து வந்திருக்கலாம். பரிசோதகரும் அதை ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைத்தார். ஆனால் சம்பல் இரண்டு பெட்டியிலும் இருந்தது. பெட்டிக் கணக்கு சோற்றைத்தான் காட்டுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில் ஒன்று இதையே சொல்கிறது: சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேலே இருக்கவேண்டும் அல்லது 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் விடக்கூடாது. அந்த வரியை நான் பயிற்சிப் பட்டறைகளில் எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரவு முழுக்கச் சாக்குப் போட்டு மூடிய ஒரு கிடாரம் எத்தனை பாகையில் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆகவே அளந்து பார்த்தோம். பரிசோதகரிடம் ஒரு குத்தும் தெர்மோமீற்றரை இரவல் வாங்கி, அதே கிடாரம், அதே அளவு அரிசி, அதே சாக்கு, அதே தணல். அக்காவின் வீட்டு முற்றத்தில், அக்காவும் நானும் அவவுடைய மகனும். இரவு பத்தரைக்கு இறக்கியபோது நடுவில் 96. ஒன்றரைக்கு 61. அதுவரைக்கும் பிழையில்லை என்று சொல்லலாம். நாலரைக்கு நடுவில் 47, ஓரத்தில் 39. அக்கா கையை வைத்துப் பார்த்துவிட்டு “சூடாத்தானே இருக்கு” என்றா, உடனே தானே நிறுத்திக்கொண்டா. அந்தச் சோற்றைப் பார்சலாகக் கட்டி ரெஜிபோம் பெட்டியில் வைத்தோம். ஒரு மணிக்குத் திறந்தபோது நடுவில் இருந்த பார்சல் 37.

முட்டைக்கு மேல் கோழி இருக்கும்போது இருக்கும் சூட்டிலிருந்து இது அதிகம் தள்ளியில்லை. நாங்கள் சோற்றைச் சூடாகவும் வைக்கவில்லை, குளிரவும் வைக்கவில்லை, அடைகாத்திருக்கிறோம். பெட்டி செய்ததும் அதே வேலைதான். ரெஜிபோம் பெட்டி தானாகச் சூடாக்காது, தானாகக் குளிர்விக்காது, கொடுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். 75 பாகையில் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் திறந்திருந்தால் அதே பெட்டியைப் பாராட்டி எழுதியிருப்பேன்.

அந்த இரவில் அக்கா கேட்ட கேள்வி ஒன்றை இங்கே எழுதாமல் விட முடியாது. “அப்ப பழஞ்சோறு? விடிய விடியக் கிடக்குதே. எங்கட அப்பா அதத் திண்டுதான் வயல் வெட்டினவர். ஒண்டும் ஆகல்லையே?”

நல்ல கேள்வி. பழஞ்சோற்றுக்கு நாங்கள் தண்ணீர் ஊற்றுகிறோம். சூடு அங்கேயே இறங்கிவிடுகிறது, வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடப்பதில்லை. அப்புறம் இரவோடு இரவாக அது புளிக்கிறது, புளிப்பை உண்டாக்கும் பக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துவிடுகின்றன, அந்தப் புளிப்பில் மற்றவை இலேசில் வளராது. வைப்பதும் வீட்டுக்குப் போதுமான ஒரு சட்டி, ஐந்து கிலோக் கிடாரம் இல்லை. அந்தக் காலத்துக் கட்டுச்சோற்றில் புளி ஏன் போட்டார்கள் என்பதும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. உகந்தையிலிருந்து குமணக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் மூட்டையில் கட்டுவது அவல், மா, கச்சான் போன்ற உலர்ந்த சாமான். யாரும் கோழிக்கறியும் வெள்ளைச் சோறும் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவதில்லை. பார்சல் என்பது கடைத்தெருவுக்கு வந்த சாமான், வாங்கி அரை மணியில் சாப்பிடுவதற்கு. அதை நான் ஏழு மணித்தியாலப் பயணத்துக்குக் கட்டச் சொன்னேன். பழஞ்சோறு எல்லாமே ஆபத்தில்லாதது என்று இதற்கு அர்த்தமில்லை, அக்காவிடமும் அதைச் சொன்னேன்.

தாங்கி

தண்ணீரைப் பிறகு பார்ப்போம் என்றவர் மறக்கவில்லை. அன்று மாலையே தாங்கிக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலைப் பிடித்து, ஒரு குளிசையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். மாறவில்லை. நிறமில்லாமலே இருந்தது.

நடந்தது எளிது. 1000 லீற்றர் தாங்கி. காலை ஐந்தரைக்கு, தண்ணீர்ப் பொறுப்பான பையன் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு நடைக்குப் போய்விட்டான். காலை ஒன்பதுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் தாங்கி வற்ற, யாரோ மோட்டரைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். புதுத் தண்ணீருக்குக் குளோரின் இல்லை. பதிவேட்டில் மட்டும் “குளோரின் இடப்பட்டது” என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

எட்டு நாள் கழித்துக் கிணற்று நீர் அறிக்கை வந்தது. ஈ. கோலை இருக்கிறது, மலத்தோடு வரும் பக்டீரியா. குடிநீருக்கான இலங்கைக் கட்டளை, எஸ்.எல்.எஸ். 614, 100 மில்லிலீற்றரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது. பரிசோதகர் கிணற்றிலிருந்து மலசலகூடக் குழிவரை அடி வைத்து அளந்தபோது 18 மீற்றர் வந்தது. அனர்த்த கால முகாம்களுக்கான ஸ்பியர் நியமம் 30 மீற்றர் கேட்கிறது, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர் மட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீற்றரும் கேட்கிறது. கரையோர மணலில் மாரி காலத்தில் அந்த ஒன்றரை மீற்றர் எங்கே கிடைக்கும்? பாடசாலை கட்டியவர்களைக் குறை சொல்லி இப்போது பலனில்லை, கிணறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். குளோரினைச் சரியாகப் போடுவதுதான் எங்கள் கையில் உள்ளது.

ஆகவே அந்த முகாமில் இரண்டு தவறுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று சத்தம் போட்டது. மற்றது போடவில்லை. சோறு பழுதாகாமல் இருந்திருந்தால் தாங்கியை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். செங்கண்மாரிக்கு 50 நாள்வரை எடுக்கும் என்பதால் இரண்டு மாதம், கிழமைக்கு ஒரு தடவை, 58 வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தோம். கண் மஞ்சளா, சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஒரு தாய் கடைசிக் கிழமையில், “சேர், பிள்ளைக்கு ஒண்டுமில்ல, நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்டா. செங்கண்மாரி யாருக்கும் வரவில்லை.

இப்போது தண்ணீருக்கு நாங்கள் செய்வது இப்படி. 1000 லீற்றருக்கு, லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம், 2 கிராம் குளோரின் வேண்டும். தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 6, 7 கிராம் தூள். கரண்டிக் கணக்கை நம்பாமல், ஒரு நகைக்கடைத் தராசில் நிறுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, காற்றுப் போகாத போத்தலில் வைத்திருக்கிறோம். ஈரமும் வெயிலும் பட்டால் தூள் வீரியம் குறைந்துவிடும், போன வருடத்துத் தூளை நம்பக்கூடாது. தாங்கி நிரம்பினால் ஒரு பொட்டலம், அரை மணி பொறுத்துக் குழலில் பார்க்கவேண்டும். லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது நிற்கவேண்டும், குறைந்தால் இன்னும் கொஞ்சம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு வடிக்கவேண்டும், சேற்றோடு போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும். பிரதேச சபை பவுசர் தண்ணீர் வந்தாலும் இதே சோதனைதான். மோட்டர் சுவிச்சுக்கு ஒரு பூட்டு, திறப்பு தண்ணீர்ப் பொறுப்பாளரிடம். அவர் நடைக்குப் போவதில்லை.

அடுத்த முகாம்

சோற்றுக்கு விதி இன்னும் சுருக்கம். குசினிச் சுவரில் ஒரு தாள், அதில் மூன்று நேரம்: இறக்கிய நேரம், கட்டிய நேரம், சாப்பிட்ட நேரம். முந்தியெல்லாம் சுத்தத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார், மணிக்கூட்டுக்கு யாரும் இல்லை. இப்போது அது மூத்த அக்காவின் பொறுப்பு. ஒவ்வொரு கறியிலும் ஒரு கைப்பிடி எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். நடை நாளில் பார்சல் கிடையாது. காலையில் கொண்டுபோவது பாண், வாழைப்பழம், வெள்ளரிக்காய், கச்சான். சோறு வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு வடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் வானில் வந்து, பன்னிரண்டரைக்கு இலையில் போடவேண்டும்.

அடுத்த வருடம் அப்படித்தான் ஏற்பாடு. சோறு 11.05க்கு இறங்கியது, தாளில் அக்காவின் கையெழுத்து. வான் 11.30க்கு வெளிக்கிட்டது. மணல் பாதையில் சில்லுக்குக் காற்றுப் போய், மாற்றுச் சில்லும் காற்றில்லாமல் கிடந்து, எங்களிடம் வந்து சேர்ந்தபோது 2.50. பிள்ளைகள் பசியில் வரிசையில் நின்றார்கள். தெர்மோமீற்றரைக் குத்தினேன், 46. அறுபதுக்குக் கீழே எப்போது இறங்கியது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு தலைவர், பெரியவர்களாவது சாப்பிடுவோம் என்றார். இன்னொருவர், நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லையே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, சில நாடுகளின் விதிகள் நாலு மணித்தியாலம்வரை விடுகின்றன. எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கணக்கு ஓடியது, இன்றும் ஓடுகிறது. வானில் கூட வந்திருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டி எங்கே என்று கேட்டா.

குழி வெட்டியது இரண்டு பையன்கள். அறுபது பேரின் சோறும் மீன் குழம்பும் கத்தரிக்காய்க் கறியும் அதற்குள் போயின. முடியும்வரை அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றா. பிறகு ஒரு சிறங்கை மண்ணை எடுத்துத் தானும் போட்டா, செத்த வீட்டில் போடுகிற மாதிரி. பிள்ளைகள் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் வானுக்குள், வான் சாரதியிடம் அவ பேச்சைத் தொடங்கினா: “நாளைக்கு ரெண்டு சில்லையும் நான் பாத்தாப் பிறகுதான் அடுப்பு மூட்டுவன்.”